ஓரத்தில் எழுது

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது சடைச்சிக்கு. தலையில் பன்னிரண்டு செங்கல். சூளை வாசலில் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் படிவமும் பேனாவுமாக வழிமறித்து நின்றாள். வீட்டுக்கு அனுப்பி ஐந்து வருஷம் ஆனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மார்க் போடுகிறார்களாம்.

“வேலைக்குப் போறீங்களாக்கா?”

“பின்ன, தலையில இருக்கிறது பூக்கூடையா?”

அதற்கு ஒரு மார்க்.

“அழுகை வருமா?”

“அழுறதுக்கு மேஸ்திரி லீவு குடுப்பானா?”

அதற்கும் மார்க்தான். “நல்லா குணமாயிட்டீங்கக்கா” என்று சிரித்தாள் அந்தப் பெண்.

சடைச்சி கல்லையெல்லாம் இறக்கி வைத்தாள். “அங்க என்னைப் பதினோரு நாள் கட்டிலோட கட்டிப் போட்டாங்களே, அதை எழுது.”

“அதுக்கு இதுல கட்டம் இல்லக்கா.”

“அப்ப ஓரத்துல எழுது.”

பேனா அடுத்த கேள்வியில் நின்றது. பெண் குரலைத் தாழ்த்தினாள். “கோபம் வருமான்னு கேட்டிருக்கு. வரும்னு போட்டா மார்க் குறையும்க்கா. மறுபடி அட்மிஷன் போட்டாலும் போடுவாங்க.”

“வரும்னே போடு” என்றாள் சடைச்சி. “எதுக்குடா என்னைக் கட்டுனீங்கன்னு வீட்டுக்கு அனுப்புன அன்னைக்கே கேட்டேன். உங்க ஆஸ்பத்திரி எனக்கு ஒரு பதில் பாக்கி.”