நாளை ஆறு மணிக்கு

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள் ஜெசிந்தா. கணவன் அருளப்பனின் காலண்டரும் போனில் கூடவே வந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அவன் குறித்து வைப்பதெல்லாம் தன் போனிலும், தான் மாற்றுவதெல்லாம் அங்கேயும் விழும்படி இணைத்து வைத்தவளே இவள்தான். அவனுக்கு அது மறந்தே போயிருந்தது. திங்கட்கிழமை, ‘மாலை ஆறு: ஜெசியிடம் பேச வேண்டும்’ என்று ஒரு குறிப்பு வந்தது. ஆறு மணி ஆனதும் அது செவ்வாய்க்கு நகர்ந்தது. செவ்வாயன்று புதனுக்கு. இன்று வியாழனுக்கு நகர்ந்தபோது, கடைசியில் ஒரு சொல் சேர்ந்திருந்தது: ‘திட்டினாலும்.’

“போனப் பாத்து என்னட்டி சிரிக்க?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா.”

மணி ஆறு பத்து. ஜெசிந்தா அந்தக் குறிப்பை விரலால் பிடித்து, இன்றைக்கே, ஆறேகாலுக்கு இழுத்து வைத்தாள். பிறகு கண்ணாடி முன் போய்த் தலை வாரத் தொடங்கினாள்.