பிடியின் அளவு

அந்த இன்ஜினியர் பெண் வேனுக்குள் குனிந்து ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

சாக்கடைக் குழியில் இறங்கி அடைப்பெடுக்கும் இயந்திரம் காலையிலேயே நின்றுவிட்டது. அடியில் கிடந்த எதையோ கவ்வி இழுத்தபோது அதன் இரும்புக் கையின் மோட்டார் சிக்கிக்கொண்டது. மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகை, டிரைவர் போர்டு, கருகிவிட்டது.

வெளியே தெரு முழுக்கக் கழிவுநீர்.

தேசிங்கு எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருஷம் குழிக்குள் இறங்கியவர். இயந்திரம் வந்த பிறகு அதைக் கழுவிவிடும் வேலை.

"ஆயிடுமா மேடம்? கான்ட்ராக்டர் கத்துறாரு."

"அரை மணி நேரம்ண்ணே."

இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவளே வடிவமைத்த போர்டு. சொல்ல வெட்கமாக இருந்தது.

அரை மணி கழித்து மறுபடி வந்தார்.

"வேணும்னா நா எறங்கிடவா?"

"வேணாம்ண்ணே. யாரு சொன்னாலும் எறங்காதீங்க. இன்னும் ஒரு அரை மணி."

தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் முறை யாரும் வந்து கேட்கவில்லை.

கருகிய சிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். மின்சாரம் கொடுத்ததும் இரும்புக் கை விரிந்தது. மூடியது. தனியாக இருந்தும் சிரித்துவிட்டாள்.

வேன் கதவைத் திறந்தாள்.

குழியைச் சுற்றிக் கூட்டம். உள்ளே போன கயிறு தளர்ந்து கிடந்தது. கான்ட்ராக்டர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவனாத்தான் சார் எறங்கினான்."

தேசிங்கு இறங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முதல் ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு குரல் இல்லை. விஷவாயு. தீயணைப்பு வண்டி ரயில்வே கேட்டில் நிற்கிறதாம்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

இயந்திரத்தை இறக்கினாள். அதன் கேமரா காட்டும் திரையில் கறுப்புத் தண்ணீர். வெகு நேரம் கறுப்புத் தண்ணீர்.

பிறகு ஒரு தோள்.

அடுத்த தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த தேசிங்கின் மனைவி கோமளா, கையில் துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள். அழவில்லை.

"மெதுவாப் பிடிங்கம்மா. அந்தத் தோளு அவருக்கு வலிக்கும்."

பிடி இறுகாதபடி மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இருபது சதவீதத்துக்குக் குறைத்தாள் இன்ஜினியர்.

கை வழுக்கியது.

நாற்பது.

வழுக்கியது.

கல்லைக் கவ்வுவதற்காகச் செய்த கை அது.

திரைக்கும் கோமளாவுக்கும் நடுவே நகர்ந்து நின்றாள்.

"மெதுவாத்தானம்மா?"

"மெதுவாத்தான்" என்றாள்.

எண்பதில் வைத்தாள்.