அளவு மிஷின் ரிப்பேர்

"பன்னெண்டு வருஷம் சோறு போட்ட கம்பெனிக்கே உலை வச்சிட்டாம்ப்பா அந்த வேதாசலம்! அளவு மிஷின் போர்டுல கை வச்சுக் கெடுத்துட்டு, கேட்டா சரிபண்ணேங்கிறான். துரத்தி வுட்டுட்டேன்."

ஆம்பூர் தோல் கம்பெனி மேனேஜர் நந்தகோபால் பொரிந்து தள்ளினார்.

வேலூரிலிருந்து வந்த மெக்கானிக் ஜெபசீலனுக்கும் எரிச்சல்தான். அரைகுறை ஆளுங்க ஸ்குரூடிரைவரைத் தூக்கினா வேறென்ன ஆகும்? தோல் எத்தனை சதுர அடி என்று காட்டும் அந்த மிஷினைத் திறந்தான்.

சப்ளை வோல்டேஜ் பார்த்தான். சரி. ஒவ்வொரு ஐ.சி. சிப்பின் காலிலும் மீட்டரை வைத்தான். எல்லாம் சரி. ஸால்டரிங்கூட முத்து முத்தாக இருந்தது. அட, இவனா அரைகுறை?

அஞ்சு சதுர அடித் தகடு ஒன்றை மிஷினில் விட்டான். முள் அஞ்சில் போய் நின்றது.

"இன்னா சார், கரெக்டாத்தானே காட்டுது?"

நந்தகோபால் கதவைச் சாத்தினார்.

"அதாம்ப்பா கோளாறு! அஞ்சேகால் காட்டணும். அடிக்கணக்குலதானே தோல் விக்கிறோம்? இத்தனை வருஷமா அப்டித்தான் ஓடிச்சு. இந்தப் புத்திசாலி அதைப் போய் ரிப்பேர்னு நெனச்சு சரிபண்ணி வச்சிருக்கான்."

ஜெபசீலன் மீட்டரைக் கீழே வைத்தான்.

"அப்ப அவர் மேல தப்பே இல்லியே சார். போர்டு நல்லாருக்குன்னுதான் நான் ரிப்போர்ட் எழுதணும்."

"எழுதிட்டு அடுத்த பஸ்ஸைப் புடி. வேற ஆள் வருவான். வேதாசலம் இடம் காலியாத்தான் இருக்குது, பர்மனென்ட். உனக்கு வேணாமா?"

மூணு வருஷமாக நிரந்தர வேலைக்கு அலைகிறவன். மனசாட்சி முரண்டு பிடித்தது, கொஞ்ச நேரம்தான். போர்டில் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட்டை மெல்லத் திருகினான். முள் அஞ்சேகாலுக்கு ஏறியது. 'வேதாசலம் செய்த பிழை திருத்தப்பட்டது' என்று ரிப்போர்ட் எழுதி, கையெழுத்தும் போட்டான். தூ!

கேட்டருகே வேதாசலம் காத்திருந்தார். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கை.

"போர்டு நல்லாத்தானே இருக்குது தம்பி? தகடு வச்சு, அஞ்சுன்னு பார்த்துட்டுத்தானே மூடினேன்?"

"இல்லண்ணே. ஓடி ஓடிச் சூடேறினா ஒரு ஐ.சி. அளவைத் தப்பாக் காட்டுது. உங்களுக்கு அது தெரியல." ஜெபசீலன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வேதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேலை போனா போவுது தம்பி. நல்லவேளை, நீ வந்து சரிபண்ணே. இல்லேன்னா தப்பான அளவு காட்டி ஊரை ஏமாத்துன பாவம் என் தலையில விழுந்திருக்கும்!"