கொஞ்சம் ஒழுகட்டும்

சீலிங்கிலிருந்து தண்ணீர் கொட்டும் வீடியோவை ஓடவிட்டு, போனை மேல்வீட்டு டிரைவரின் கையில் கொடுத்தார் குமாஸ்தா.

முப்பது வருஷம் கோர்ட்டில் குப்பை கொட்டியவர். ஆதாரம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கீழ்வீடு அவருடையது. அதன் வாடகையில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. இப்போது அது பூட்டிக் கிடக்கிறது. பூச்சு பெயர்ந்து, சுவரெல்லாம் ஊறி, வயரிங்கும் போய்விட்டது. குடியிருந்த டீச்சர் முகம் கொடுத்துக்கூடப் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். ரிப்பேர் செலவை மேல்வீடு கொடுத்தால்தான் அடுத்த ஆளைக் குடிவைக்க முடியும்.

பணம் கேட்டுத் துக்க வீட்டுப் படியேற அவருக்கும் கூசத்தான் செய்தது. டிரைவரின் மனைவி ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் தவறிப்போய் ஒரு மாதம் ஆகிறது. பாவம், வாய்க்காரிதான், ஆனாலும் போகிற வயசில்லை. ஒரு மாதம் பொறுத்தோமே, அதுவே பெரிசு என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் பெல்லை அடித்தார்.

மேல்வீட்டு பாத்ரூம் தரையில் விரிசல். அங்கே குழாயைத் திறந்துவிட்டு மறந்தால் கீழே ஒழுகும்.

முன்பும் இரண்டு தடவை ஒழுகியது. இரண்டு தடவையும் டீச்சரும் அவருமாக மேலே போய்ச் சொன்னார்கள். போனதும் டிரைவரின் மனைவி குழாயை மூடி, தரையைத் துடைத்துவிட்டு, “எங்க பாத்ரூம் காஞ்சு கெடக்கு, வேணும்னா வந்து பாருங்க” என்று கதவை அகலத் திறந்துவிட்டாள். குமாஸ்தா அசடு வழிந்துகொண்டு இறங்கி வந்ததுதான் மிச்சம்.

அதனால்தான் இந்தத் தடவை டீச்சர் போன் போட்டு, மேலே போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டபோது அவர் தடுத்தார்.

“போகாதம்மா. போனா மூடிட்டு இல்லேன்னு சாதிப்பாங்க. கொஞ்சம் ஒழுகட்டும். நீ வீடியோ எடு.”

அன்று டீச்சருக்கு லீவு. வாளிக்கு மேல் வாளி வைத்து, காலையிலிருந்து எடுத்து எடுத்து அனுப்பினாள். பொழுது சாய்ந்த பிறகுதான் தண்ணீர் நின்றது. இனி ஒழுகவில்லை என்று யாரும் சாதிக்க முடியாது.

டிரைவர் இல்லை என்று சொல்லவுமில்லை. எவ்வளவு ஆனாலும் முழுசாகத் தந்துவிடுகிறேன் என்றார். வரிந்துகட்டிக்கொண்டு வந்த குமாஸ்தாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

டிரைவர் சத்தத்தைக் கூட்டினார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே, விட்டு விட்டு, டொக்... டொக் என்று கேட்டது.

“பைப்ல காத்து அடைச்சா அப்படித்தான் தட்டும்” என்றார் குமாஸ்தா.

டிரைவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னிக்கு அவ பாத்ரூம்லதான் சார் விழுந்து கெடந்தா. நான் டூட்டி முடிஞ்சு வர்ற வரைக்கும். பேச்சு போயிடுச்சு. ஒரு கை மட்டும் வேலை செஞ்சுது. அந்தக் கையில சொம்பு இருந்துது.”

குமாஸ்தா போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

டிரைவர் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பிறகு நிமிர்ந்து, கோபமே இல்லாமல், யாருமே மேலே வந்து பார்க்கவில்லையா என்று கேட்டார்.

உள்ளதைச் சொல்லிவிடத்தான் குமாஸ்தா வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“வந்தாங்களே. டீச்சர் வந்து பெல் அடிச்சிருக்காங்க. யாரும் திறக்கலேன்னதும் ஆள் இல்லன்னு நெனச்சு இறங்கிட்டாங்க.”

கேட்டதும் டிரைவரின் முகம் இளகிவிட்டது. ஒரு மாதமாகத் தூங்காத முகம்.

“பெல் அடிச்சாங்களா? அப்ப அவளுக்குக் கேட்டிருக்கும் சார். யாரோ வந்துட்டாங்கன்னு கொஞ்ச நேரமாவது தெம்பா இருந்திருப்பா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பணம் எடுத்துவர உள்ளே போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் எழுந்து போய்விட வேண்டும் என்றிருந்தது குமாஸ்தாவுக்கு. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தார். உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.