காதோடு சொன்னது

குடியை நிறுத்த வேண்டும் என்று கணவன் தயாநிதியை அந்தத் தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தது மஞ்சரிதான். முதல்முறை பார்க்கப் போனபோது அவன் அவள் காதோடு சொன்னான். "பைப்பால அடிக்கிறாங்க மஞ்சு. டாக்டரும் இல்ல, மருந்தும் இல்ல. என்னக் கூட்டிட்டுப் போயிடு."

வாசலில் மேலாளர் சிரித்தார். "வெளிய போய்க் குடிக்கறதுக்கு எல்லாரும் ஏதாவது கதை விடுவாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

தயாநிதியின் பொய்களை நம்பி நம்பி அலுத்தவள் அவள். கேட்டதை அப்படியே சொல்லிவிட்டாள்.

அடுத்தமுறை அவன் கைகட்டி நின்றான். முன்பற்கள் இல்லை. "நல்லாப் பாத்துக்கறாங்க மேடம்" என்று அவளிடமே சொன்னான்.

மஞ்சரி கூச்சல் போட்டு, போலீஸுக்குப் போவேன் என்று மிரட்டி, அன்றே அவனை வெளியே அழைத்துவந்தாள். பேருந்தில் இடம் இருந்தும் அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். பேருந்து நகர்ந்ததும் அவள் பக்கம் குனிந்தான்.

"அன்னிக்கு நாம பேசினப்போ பக்கத்துல முத்தையான்னு ஒருத்தன் பெருக்கிக்கிட்டிருந்தான்ல? எனக்குப் பக்கத்துப் பாய்லதான் படுப்பான். அவன்தான் ஒட்டுக்கேட்டுப் போட்டுக் குடுத்திருக்கான். அப்புறம் நான் அவன் மூஞ்சியிலயே முழிக்கல."

மஞ்சரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவனாத்தான் இருக்கும்" என்றாள்.

தயாநிதி அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.