தொடையில் குடியிருந்த குண்டு

துப்பாக்கி பற்றித் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று ரிட்டையர்டு மேஜர் ஒற்றைக் காலில் நின்றார். பெண் கேட்டு வந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“தர்ட்டி நாட் சிக்ஸ் தோட்டான்னா என்ன தம்பி?”

“குண்டோட அளவு அங்குலத்துல புள்ளி முப்பது. அமெரிக்க ராணுவத்துக்கு வந்த வருஷம் 1906, சார்.”

“7.62 பெருக்கல் 51?”

“முதல்ல சொல்றது குண்டோட குறுக்களவு, அடுத்தது தோட்டாக் கூட்டோட நீளம். ரெண்டுமே மில்லிமீட்டர்.”

“சபாஷ்! எதிரி சுட்ட 7.62 இந்தத் தொடையில இருபது வருஷம் குடியிருந்துச்சு. போன வருஷம்தான் ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க!”

வந்தவன் அவர் காதருகே குனிந்தான்.

“மயக்கத்துல இருந்தீங்க, பார்த்திருக்க மாட்டீங்க. எடுத்த டாக்டர் நான்தான். அது 7.62 இல்ல, வெறும் புள்ளி இருபத்திரண்டு அங்குலம், சார். அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு எந்த எதிரியும் சண்டைக்கு வரமாட்டான். அதால தோட்டத்துல எலிதான் சுடுவாங்க.”

மேஜர் மீசையைத் தடவினார். பிறகு சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏம்மா, மாப்பிள்ளைக்குக் காபி கொண்டா!”