அந்தக் கேள்வி வேண்டாம்

"தப்பு. எழுந்து போய் போர்டுல போட்டுக் காட்டு."

சொன்னவர் தேர்வுக்குழுத் தலைவர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் கண்டுகொண்டதில்லை.

அந்தப் பெண் எழுந்தாள். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்துவிட்டு நேர்முகத்துக்கு வந்தவள். நூறு பேர் முட்டி மோதினால் இரண்டு பேருக்கு இடம் கிடைக்கிற பல்கலைக்கழகம் அது.

தலைவருக்குப் பக்கத்தில், எல்லோரும் சின்ன மேடம் என்று கூப்பிடுகிற இளம் விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு குழுவில் உட்காருவது இதுதான் முதல் தடவை.

காலையிலிருந்து வந்த பிள்ளைகளிடமெல்லாம் "இங்க ஏன் படிக்கணும்னு ஆசைப்படறே?" என்று கேட்டு, சுலபமாக நாலு கணக்கு போடச் சொல்லி அனுப்பிவிட்டார் இந்த மனிதர். இவளைக் கண்டதும் மட்டும் ஏன் இப்படி வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறார்?

இத்தனைக்கும் விஷயம் குழுவில் மூன்று பேருக்கும் தெரியும். முந்தின நாளே அந்தப் பெண்ணுடைய தலைமையாசிரியை தலைவருக்குப் போன் பண்ணியிருந்தார்.

"எப்பவும் முதல்ல வர்ற பொண்ணு சார். போன வருஷம் அவங்கப்பா விபத்துல போயிட்டாரு. ரொம்ப நாள் பள்ளிக்கூடமே வரல. மார்க் சரிஞ்சிடுச்சு. நான் பேசினது அவளுக்குத் தெரிய வேண்டாம். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

பார்த்துச் செய்கிற லட்சணம் இதுதானா?

"தொட்டித் தண்ணில படகு மிதக்குது. படகுல ஒரு கல்லு இருக்கு. அதை எடுத்துத் தண்ணிக்குள்ள போட்டா தொட்டில தண்ணி மட்டம் ஏறும்னே. எப்படி ஏறும்?"

அவள் படம் வரைந்தாள். அழித்தாள். மறுபடி வரைந்தாள்.

"முதல்ல கொஞ்சம் தண்ணி குடிம்மா" என்று டம்ளரை நீட்டினாள் சின்ன மேடம்.

"அப்புறம் குடிக்கட்டும்" என்றார் தலைவர்.

சின்ன மேடம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இறங்கும் சார்" என்றாள் அந்தப் பெண் திடீரென்று. "படகுல இருக்கும்போது கல்லோட எடை அளவுக்குத் தண்ணி விலகும். முங்கிட்டா அதோட கன அளவுதான் விலகும். அது கம்மி. அதனால இறங்கும்."

"ம். கல்லுக்குப் பதிலா ஐஸ்கட்டி?"

"அது... அதுவும் மிதக்கும். மட்டம் மாறாது சார்."

"அந்த ஐஸ்கட்டிக்குள்ள ஒரு கூழாங்கல்லு இருந்து, ஐஸ் உருகிடுச்சுன்னா?"

கேள்விகள் நிற்கவே இல்லை. ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்தது அதைவிடக் கடினமாக வந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் நடத்துகிற பாடத்துக்கே போய்விட்டார். சிலவற்றில் அவள் தடுமாறினாள். "தெரியல சார்" என்று இரண்டு தடவை சொன்னாள். ஆனால் போர்டை விட்டு நகரவில்லை.

குழுவில் மூன்றாமவராக வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியருக்கே மனசு கேட்கவில்லை. விஷயம் தெரியாதவர்போலக் குறுக்கே புகுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. இவ்வளவு நல்லா யோசிக்கிறியே, கடைசி வருஷம் மட்டும் மார்க் ஏன் குறைஞ்சது? எதுவா இருந்தாலும் தயங்காம சொல்லு."

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. உதடு பிரிந்தது.

"சார்... எங்கப்பா..."

"அந்தக் கேள்வி வேண்டாம்" என்றார் தலைவர் வெடுக்கென்று. "நீ போகலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். கதவு சாத்துகிறவரைதான் சின்ன மேடம் பொறுத்தாள்.

"அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான் சார்! அதையும் அடைச்சிட்டீங்களே. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகிட்ட இவ்வளவு கல்நெஞ்சா?"

தலைவர் மதிப்பெண் தாளில் எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

சின்ன மேடம் பார்த்தாள். காலையிலிருந்து அவர் யாருக்கும் போடாத மதிப்பெண்.

"இதுக்கு மேல அவளோட பழைய மார்க்கைக் காட்டி யாரும் வாயைத் திறக்க முடியாது" என்றார். "போர்டுல நின்னு வாங்கியிருக்கா."

சின்ன மேடத்துக்குக் கோபம் வடிந்தது. ஆனால் குழப்பம் தீரவில்லை.

"சரி சார். அப்பா விஷயத்தைச் சொல்ல விட்டிருந்தாலும் நாம இடம் கொடுத்துத்தானே இருப்போம்? அந்தப் பொண்ணை இவ்வளவு பாடுபடுத்தாமலே?"

"கொடுத்திருப்போம்."

"அப்புறம் ஏன் சார்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதே மாதிரி ஒரு அறையில, எங்கம்மா செத்ததைச் சொல்லி நான் அழுதேன். உடனே இடம் கொடுத்துட்டாங்க" என்றார். "ரிட்டயர் ஆகப்போறேன். என் படிப்புக்குக் கொடுத்தாங்களா, எங்கம்மா சாவுக்குக் கொடுத்தாங்களான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியலம்மா."